அக்கா கேட்டுக்கொண்ட இடம்

என் முதல் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலை, அதைப் பெற்றெடுத்த அறையின் காரைத் தரையில் எறும்புகள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தன. நான் பாயில் ஒருக்களித்துப் படுத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்பில் பால் கட்டி வலித்தது. அழுது அழுது கண்ணும் ஓய்ந்துவிட்டது. பார்க்க வேறொன்றும் இல்லை. சுவரோரப் பொந்திலிருந்து புறப்பட்ட வரிசை, பாயருகே ஓரிடத்தில் வட்டமாக மொய்த்து, அங்கிருந்து குழந்தையின் தலையைத் துடைத்துப் போட்டிருந்த துணி வரைக்கும் ஏறியிருந்தது. கஞ்சி கொண்டுவந்த அக்காவிடம், "எறும்பு பாருங்க அக்கா" என்றேன். அவள் கிண்ணத்தை வைத்துவிட்டுக் குனிந்து தரையை விரலால் தொட்டாள். அந்த விரலை நாக்கில் வைத்தாள். பிறகு குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொட்டி, தேங்காய் நாரால் தரையைத் தேய்க்கத் தொடங்கினாள். பெற்றவள் கிடக்கிற கிடையில் இவளுக்குச் சுத்தம் ஒரு கேடா என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அக்கா என் கணவரின் மூத்த சகோதரி. சாந்தோம் குப்பத்தில் பிறந்து கட்டுமரக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாததால் தம்பியின் வீட்டோடு வந்துவிட்டாள். தம்பி மயிலாப்பூரில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். நான் கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் மகள், நாலெழுத்துப் படித்தவள் என்ற கர்வமும் கொஞ்சம் உண்டு. அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்ற விஷயத்தில் எங்கள் சந்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மாட வீதியில் கறிகாய் வாங்கப் போனால் வழி தவறிவிடுகிறவள், மறு உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் சொல்லுவாள். மோட்சம் மேலே. நரகம் அடியில். நடுவில் உத்தரிக்கிற ஸ்தலம், பாவக் கறை தீருமட்டும் ஆத்துமாக்கள் நெருப்பில் கிடந்து காத்திருக்கிற இடம். இவை தவிர ஒதுக்குப்புறமாக ஒன்று உண்டு, ஞானஸ்நானம் பெறாமல் செத்த சிசுக்களுக்கு. சாமியார்கள் அதை லிம்போ என்பார்கள். அக்கா அதற்குப் பெயர் சொல்ல மாட்டாள், "அந்த எடம்" என்பதோடு சரி.

சாகும் தறுவாயில் சாமியார் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் இல்லாமல், பாவங்களை அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் கடலில் போன கணவர் உத்தரிக்கிற ஸ்தலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அவருக்காகத் தினம் செபமாலை உருட்டி ஐம்பத்து மூன்று மணி செபம் சொல்லுவாள். அது முடிந்ததும், நினைக்க ஆளில்லாத ஆத்துமாக்களுக்காக இன்னும் ஒரு பத்து மணி. "பாவம், கேக்க நாதி இல்லாம வேகுதுங்க" என்பாள், பக்கத்துத் தெருவில் யாரோ காய்ச்சலில் கிடப்பதைச் சொல்வதுபோல. நவம்பர் மாதம், சகல ஆத்துமாக்களின் திருநாளில், குப்பத்துப் பெண்கள் அவளைத் தேடி வருவார்கள். தங்கள் வீட்டுச் சாவுகளைச் சொல்லி, இது தேறியிருக்குமா, அது தேறியிருக்குமா என்று கேட்பார்கள். அக்காவும் வைத்தியர் நாடி பார்க்கிற முகத்தோடு யோசித்துப் பதில் சொல்லுவாள். நானும் என் கணவரும் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

முப்பதுகளின் தொடக்கத்தில், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில் எனக்கு வலி எடுத்தது. அனல் அடிக்காமலிருக்க ஜன்னலில் ஈரக் கோணியைத் தொங்கவிட்டதால் அறை இருண்டு கிடந்தது. நாக்கு வறளும்போதெல்லாம் அக்கா ஒரு மிடறு இளநீர் புகட்டினாள். குழந்தை பிறந்தது, ஆண். அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், ஊதினாள், பிறகு அக்காவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். உயிருக்கு ஆபத்து என்றால் சாமியார் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தண்ணீர் ஊற்றி மந்திரத்தைச் சொல்ல யாருக்கும் அதிகாரம் உண்டு. இது எங்களில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா செம்பை எடுத்து மூன்று தரம் தலையில் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரித்துசாந்துவின் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்தாள். குழந்தை அதற்குப் பிறகு அரைமணி நேரம் என் மார்பில் கிடந்து அடங்கிப்போனது.

ஞானஸ்நானம் பெற்ற சிசு செத்தால் எங்களில் அதைச் சாவென்று துக்கம் கொண்டாடுவதில்லை. பாவமறியாத அது நேரே மோட்சத்துக்குப் போய்ச் சம்மனசாக, தேவதூதனாக ஆகிவிடுகிறது. துக்க மணி அடிக்காமல் திருநாள் மணி அடிப்பார்கள். என் பிள்ளைக்கும் வெள்ளை உடுத்தி, மல்லிகையில் சின்னக் கிரீடம் கட்டி வைத்து, அர்ச்சித்த மண்ணில் வைத்துவிட்டு வந்தார்கள். "நீங்க இருந்து ஊத்தினதாலதான் அவன் மோட்சம் போனான், அக்கா" என்று என் கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று அக்காவின் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். எறும்பு வந்தது மறுநாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டு மாலைச் செபத்தில் ஒரு வரி கூடியது. எல்லாப் புனிதர்களையும் அழைத்து முடித்த பிறகு, என் கணவர் "எங்கள் சின்னச் சம்மனசே" என்பார், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பேன் நான். அந்த ஒரு வரிக்காகவே நான் பகலெல்லாம் காத்திருந்தேன் என்றால் மிகையில்லை. அந்த வரி வரும் சமயம் பார்த்து அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். நாள் தவறாமல் போகவே எனக்குள் நஞ்சு ஊறியது. பிள்ளை இல்லாதவள், என் பிள்ளை செத்தும் எனக்கு உதவுவது பொறுக்கவில்லை என்று நினைத்தேன். ஒருநாள் அதை வாய்விட்டே கேட்டுவிட்டேன். யாரிடமும் வாய்ச்சண்டையில் தோற்காத அக்கா அன்று தலையைக் குனிந்துகொண்டு அரிசி களைந்தாள். நவம்பரில் குப்பத்துப் பெண்கள் வந்தபோதும், "எனுக்கு இன்னா தெரியும், சாமியாரக் கேளுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

இரண்டாம் வருஷம் நான் மறுபடி உண்டானேன். ஏழாம் மாதத்திலிருந்தே அக்கா பிரசவ அறையில் தண்ணீர் வைக்கத் தொடங்கினாள். மூன்று மண்பானை, மூன்றுக்கும் கழுத்தில் வெள்ளைத் துணி. தினமும் காலையில் பழைய நீரைக் கொட்டிப் புது நீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துப் பார்ப்பாள். இளநீர்க் குலையை வாசலுக்குள் சேர்ப்பதில்லை. ஒருநாள் நான் நிலைப்படியில் நின்று அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாமே பாக்கற? தண்ணியான்னு பாக்கறேன்" என்றாள்.

"தண்ணிப் பானையில தண்ணி இல்லாம வேற என்ன அக்கா இருக்கும்?"

அவள் பானையைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எளநி இருக்கும்மே. அன்னிக்கி அதான் இருந்துச்சி. ஒனுக்கு வடிச்சி வெச்ச எளநி. ரெண்டு செம்பும் ஒண்ணாட்டமே கீது, இருட்டு வேற. கொயந்த நீலமா பூடுச்சி, கைக்கு வந்தத எடுத்து ஊத்திட்டேன். எறும்பு வந்தப்பறந்தான் எனுக்கே தெரிஞ்சிது."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் அவளை அடித்தேன். நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு குனிந்து, தோளிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தேன். அவள் தடுக்கவில்லை, "வவுத்தப் பாத்துக்கோ, வவுத்தப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இல்லாமல் ஞானஸ்நானம் இல்லை. அப்படியென்றால் மோட்சத்தில் எங்கள் சம்மனசு இல்லை. இரண்டு வருஷமாக நான் கூப்பிட்ட குரல் யார் காதிலும் விழவில்லை. என் பிள்ளை அந்த ஒதுக்குப்புறத்தில், அக்கா பெயர் சொல்லாத அந்த இடத்தில் கிடக்கிறான்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் வெள்ளைக்காரச் சாமியாரிடம் போனேன். வயதானவர், நல்லவர். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசுவார். யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்கும். தண்ணீர்தான் வேண்டும், வேறு எதுவும் செல்லாது என்றார். ஆனால் லிம்போவில் நெருப்பில்லை, வலியில்லை, பிள்ளைகள் சந்தோஷமாகவே இருப்பார்கள், கடவுளின் முகத்தைப் பார்ப்பது மட்டும் கிடைக்காது என்றார். "கடைசி நாளில் செத்தவர்கள் எழும்பும்போது?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளையும் உடலோடு எழும்பும், ஆனாலும் மோட்சத்துக்குள் வராது என்றார். "அப்போ தாய் மோட்சத்துல இருந்தா?" அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மோட்சத்தில் துக்கம் என்பதே இல்லை மகளே, அந்தத் தாய் அழமாட்டாள் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நெருப்பைப் பற்றிக் கேட்ட எந்தப் பிரசங்கமும் என்னை அந்த அளவுக்குப் பயமுறுத்தியதில்லை. பெற்ற பிள்ளை வெளியே இருக்க, உள்ளே அழாமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்பிள்ளை யார்? அவள் நானாக எப்படி இருக்க முடியும்? எனக்கு மோட்சமே வேண்டாம் என்று வீடு வரும்வரை முனகிக்கொண்டே நடந்தேன். அப்படி முனகுவது பாவம் என்றும் பயந்தேன்.

பிறந்த மகள் வீடே அதிர அழுதாள். மூன்று பானையும் அப்படியே இருந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார் கையாலேயே ஞானஸ்நானம் ஆனது. அக்கா தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஊற்றுகிற நீரைக் கண்கொட்டாமல் பார்த்தாள். மகள் வந்த பிறகு மோட்சம் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்குப் போய்விட்டது. நாளைக்கு அவள் அங்கே வந்து என்னைத் தேடுவாளே! என் கணவரிடம் நாங்கள் இருவரும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார். ஆகவே தினமும் மாலையில் அவர் சம்மனசை அழைத்தார், அக்கா எழுந்து போனாள், நான் மட்டும் உட்கார்ந்து, கேட்க ஆளில்லை என்று தெரிந்தே "வேண்டிக்கொள்ளும்" என்றேன்.

நாலைந்து வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, நன்மை அப்பம் கொடுத்து, அவஸ்தைப் பூசிவிட்டுப் போனார். இவ்வளவு ஒழுங்காகச் சாகிறவள் உத்தரிக்கிற ஸ்தலத்தைக்கூட மிதிக்காமல் போவாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எல்லோரும் போன பிறகு அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"நா சாமிகிட்ட கேட்டுக்கினேன்மே. எனுக்கு மோட்சம் வாணாம், அந்த எடத்துல ஒரு மூலைல வுட்டா போதும்னு. கொயந்த தனியா கீது."

"அப்படிச் சொல்லாதீங்க அக்கா, பாவம்! இப்பத்தான் பூசியிருக்காங்க" என்றேன். அவளுக்காக இத்தனை வருஷம் உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்திருக்கும் கணவரையாவது நினைத்துக்கொள்ளட்டும் என்று, "மாமா உங்களத் தேட மாட்டாரா?" என்று கேட்டேன்.

"அவுரு வளந்த ஆம்பள, சமாளிச்சிக்குவாரு. அது பச்ச மண்ணு. ஊத்தினது நானு, நாந்தான் போவணும். நீ மேல போ. ஒனுக்குப் பொண்ணு கீது."

இதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி நான் கெஞ்சினேன். சாமியாரை மறுபடி அழைத்துவரவா என்று கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலமே போய்விட்டாள். உண்மையைச் சொல்கிறேன், அழும்போதே எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. பெற்றவள் நான் கேட்கத் துணியாததை அவள் கேட்டுவிட்டாள். என் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்ள ஓர் ஆள் போயிருக்கிறது என்ற நினைப்பில்தான் அதற்குப் பிறகு என்னால் தூங்க முடிந்தது.

இப்போது நான் அடையாறில் மகள் வீட்டில் இருக்கிறேன். என் கணவரும் போய்விட்டார், தன் சம்மனசு வாசலில் வந்து நிற்கும் என்ற நம்பிக்கையோடேயே. சென்ற மாதம் கோயிலில், என் மகளைவிட இளையவரான புதிய ஃபாதரிடம், நாற்பது வருஷமாக வெளியில் சொல்லாததைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, அப்படி ஒரு இடம் இருக்குன்னு இப்ப யாரும் போதிக்கறதில்ல. அந்தக் குழந்தைகளை ஆண்டவர் கையிலயே ஒப்படைக்கறோம். உங்க பிள்ளை அவர்கிட்டதான் இருப்பான்" என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். அவரும் அதைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அது உறைத்தது. அப்படி ஓர் இடமே இல்லையென்றால் அக்கா எங்கே போனாள்? மோட்சம் வேண்டாமென்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாளே. இல்லாத இடத்தைக் கேட்டவளை எங்கே விட்டிருப்பார்கள்? ஃபாதரிடம் திரும்பப் போய்க் கேட்கவில்லை. அவர் ஏதாவது ஆறுதலாகத்தான் சொல்லுவார்.

ஆனால் மாலைச் செபத்தில் அந்த வரி வரும்போது இப்போதெல்லாம் நான் எனக்காக எதையும் வேண்டிக்கொள்ளச் சொல்வதில்லை. "கண்ணு, ஒங்கத்தை ஒன்னத் தேடிக்கிட்டு வேற எங்கேயோ போயிட்டாங்க. அவங்களுக்கு வழி தெரியாது. நீ போய்க் கூட்டிக்கிட்டு வா" என்கிறேன்.