பின்சுவர் இல்லாத வீடு

ஆப்பிரிக்காவில் ஒரு நாடு சொந்தமாகச் சினிமா எடுக்கக் கற்றுக்கொண்ட கதையை, வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் என்று ஒரு தோட்டத்துக்கே ஒலிபெருக்கியில் அறிவித்தவன் நான். இதை ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க வந்த அவசரகாலத்தின் கடைசி ஆண்டுகள். மலாக்கா ரப்பர் தோட்டங்களில் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி இன்னும் இருந்தது. கேட்டைப் பூட்டுவதுதான் நின்றிருந்தது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டும் அரசாங்கப் படவண்டியில் நான் தமிழ் விளக்கக்காரன். ஆங்கிலப் படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரையில் நடப்பதை மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும். தற்காலிக வேலை. அன்று ஜாசின் பக்கத்துத் தோட்டத்துக்கு மேலதிகாரியே வந்திருந்தார். அவர் எழுதப்போகும் அறிக்கையைப் பொறுத்து வேலை நிரந்தரமாகும், அல்லது நான் வீட்டுக்குப் போவேன்.

படத்தோடு ஆங்கிலக் குறிப்பு ஒன்றும் வந்திருந்தது. நான் படிக்கவில்லை. படித்துவிட்டுப் பேசுவது குரல்வளம் இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்று அப்போது நம்பினேன். தவிர, நாங்கள் காட்டிய படங்கள் எல்லாம் ஒரே ரகம்: தண்ணீரைக் கொதிக்க வை, கொசுவை ஒழி, சந்தேகத்துக்குரிய ஆளைப் பற்றித் தகவல் கொடு.

தோட்டத்துத் திடலில் கட்டிய திரையில் வெள்ளைச் சுவரும் பூந்தொட்டியுமாக ஒரு வீடு. வாசலில் ஓர் ஆப்பிரிக்கப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"அன்பார்ந்த தோட்டப் பெருமக்களே! அரசாங்கம் கட்டித் தந்த வீட்டைக் கண்டு இத்தாய் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார்!"

படம் மெல்ல வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனது. அங்கே சுவரே இல்லை. நான்கு கழிகள்தான் முட்டுக்கொடுத்திருந்தன.

"நம்ம லயத்தக் கட்டின கன்ட்ராக்டருதான் அங்கயும் போயிருக்கான் லா!" என்றது முன்வரிசைக் குரல் ஒன்று. திடலே சிரித்தது.

அழுதவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எதிரே பெரிய கேமரா. அதன் பின்னால் ஓர் ஆப்பிரிக்கர். நான் விடவில்லை. "வெள்ளைக்காரத் துரையின் கேமராவை இவர் துடைத்து வைக்கிறார்!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பால்வெட்டும் அம்மா ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தொடைக்கல தம்பி, அவருதான் எடுக்கறாரு. அவரு கையக் காட்டினாத்தான அந்தப் பொண்ணு அழுவுது? படம் எடுக்கறதையே படமா எடுத்திருக்காங்க."

மைக் அதையும் தோட்டம் முழுவதற்கும் சொல்லிவிட்டது. நான் மைக்கை அணைத்தேன். வண்டி டிரைவர் படத்தின் சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த பத்து நிமிடம் திரையில் அந்த ஆப்பிரிக்கர்கள் சுருளை வெட்டி ஒட்டினார்கள், ஒருவரையொருவர் திட்டினார்கள், கடைசியில் கொட்டகையில் உட்கார்ந்து தங்கள் பாஷையில் தங்கள் ஆட்களே பேசுவதைக் கேட்டார்கள். ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் திடலில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் விளக்கிய படங்களில் எங்களைப் போன்றவர்கள் எப்போதும் கேமராவுக்கு முன்னால்தான், ஊசி போட்டுக்கொண்டோ பால்மாவு வாங்கிக்கொண்டோ நிற்பார்கள். பின்னாலும் நிற்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சுதந்திரம் வந்து நாட்டில் கொடி மாறிவிட்டது. என் மண்டைக்குள் பழைய துரை இன்னும் குடியிருந்தார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, என் மேடைத்தமிழும் அவ்வளவாக எட்டியிருக்காது. அதனால் அவர் படத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை தெங்கேராவில் ஒரு காப்பிக்கடையில் மேலதிகாரி அறிக்கையை மடித்தார். "நிரந்தரம்னு எழுதிட்டேன்பா."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் விளக்கத்தில் எந்த இடம் ஐயாவுக்குப் பிடித்தது என்று கேட்டேன்.

"கடைசில பத்து நிமிஷம் பேசாம இருந்தே பாரு, அது. நம்ம ஆபீசுல வேற எவனுக்கும் அது வராது லா."