மகாதேவன் எழுந்தால் வரிசையே எழும்

மாட்டுங்கா சபாவில் கச்சேரி எப்படி என்று தெரிந்துகொள்ள யாரும் பாடகரைப் பார்ப்பதில்லை. மூன்றாவது வரிசையில் மகாதேவனைப் பார்ப்பார்கள். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டு பிடிக்காவிட்டால் காபி குடிக்கக் கேன்டீனுக்கு எழுந்துவிடுவார். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கினாலோ பிடித்திருந்தாலும் எழுந்துவிடுவார்; அது கால்களின் பழக்கம். அவர் எழுந்தால் வரிசையே எழும். மிருதங்கக்காரர்கள் அவரை வாயாரச் சபித்திருக்கிறார்கள். மனுஷன் அதையும் ஒரு பட்டமாகவே வைத்துக்கொண்டார்.

அவர் வாயிலிருந்து பொய்யாக ஒரு 'பலே' வந்ததில்லை, பெற்ற பெண்ணுக்குக்கூட. மானசா பதினாலு வயதில் கர்நாடக வயலினை மூடி வைத்துவிட்டு மேற்கத்திய இசைக்குப் போனாள். அன்றிலிருந்து அவள் வாசிப்பை அவர் கேட்கவும் இல்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

போன மாதம் கோட்டைப் பக்கம் ஒரு ஹாலில் அவளும் மூன்று நண்பர்களும் வாசித்தார்கள். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஐரோப்பாவில் யார் யாரோ எழுதிய புதுமை இசை. ஹால் பாதிகூட நிறையாது என்று தெரிந்ததும் அம்மா அம்மிணி சபா ஆட்களைத் திரட்டினாள். இலவசம் என்றால் வராமலா?

"அப்பா, உங்களுக்குப் பிடிக்கணும்னு இல்லை. நடுவிலே எழுந்துடாதீங்கோ, போறும். நீங்க எழுந்தா அத்தனை பேரும் எழுந்துடுவா," என்றாள் மானசா.

"நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்றார் மகாதேவன்.

முதல் உருப்படியில் ராகம் தேடினார், அகப்படவில்லை. தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். ஐந்து என்று நினைத்தால் ஏழாக ஓடியது. "யாரோ பீரோவை இழுக்கறாப்பல இருக்கு," என்று அம்மிணி அவர் காதில் சொன்னாள். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது உருப்படியில் மற்ற மூன்று பேரும் தங்கள் வில்களை மடியில் வைத்துவிட்டார்கள். மானசா மட்டும் தனியாக, தந்திகளை விரலால் சுண்டி வாசித்தாள். தனி! மகாதேவன் நினைக்கும் முன்பே கால்கள் எழுந்துவிட்டன. வரிசையும் எழுந்தது. அதே சமயம் அந்தப் பகுதி முடிந்து ஹால் நிசப்தமானது. மானசா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது.

உட்கார்ந்தால் அசடு, நடந்தால் பாதகம். வேறு வழியில்லாமல் கை தட்டினார். வரிசையும் தட்டியது. மேற்கத்திய இசையில் உருப்படி முழுதும் முடியும்வரை தட்டக்கூடாது என்று தெரிந்துவைத்திருந்த மலபார் ஹில் சீமாட்டிகள், இந்த வேட்டிக்காரர்களுக்கு என்னவோ விஷயம் தெரிந்திருக்கிறது என்று பயந்து தாங்களும் எழுந்து தட்டினார்கள். ஹாலே நின்றது.

முடிந்ததும் மானசா வாசலுக்கு வந்தாள்.

"காபிக்குத்தானேப்பா எழுந்தேள்?"

மகாதேவன் தெருவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கை தட்டத்தான் எழுந்தேன். பலே!" என்றார்.

அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை; காது சிவந்துவிட்டது. மானசாவுக்கு அழுகை வந்தது.

"வாங்கோப்பா, காபி குடிக்கலாம்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.