எனக்குத்தான் கொதிப்பு ஜாஸ்தி

அவன் உயரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவரின் மகன். எங்கள் வீட்டுக் கூழைக் குடித்து வளர்ந்தவன். அம்மா எனக்குப் பாலும் நெய்யுமாக ஊற்றி வளர்த்தாள். உடம்பு மட்டும் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வகுப்பு. படிப்பு முடிந்த வருடம் போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்றார்கள். இருவருமே மனுப் போட்டோம். எனக்கு அந்த வேலை வேண்டும்; அதைவிட, அவனுக்கு அது கிடைக்கக் கூடாது. வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஆள் எடுப்புக்குச் சில வாரம் முன்பு, பட்டணத்திலிருந்து டாக்டர்கள் பள்ளிக்கூடத்தில் வந்து இறங்கினார்கள். சாதிக்குச் சாதி வாலிபர்களின் உடம்பளவும் ரத்த ஓட்டமும் வித்தியாசப்படுமா என்று பார்க்கிறார்களாம். ஊரிலிருந்து சிலர், சேரியிலிருந்து சிலர் வர வேண்டும்.

"இதுல பாக்கறதுக்கு இன்னா கீது? நெய் துன்ற உடம்பும் கூழு குடிக்கற உடம்பும் ஒண்ணாவுமா?" என்று சிரித்தபடி அப்பா என்னை அனுப்பினார்.

ஒன்றாகத்தான் இல்லை. சுவரோரம் நிறுத்தி அளந்தார்கள்; அவன் என்னைவிட நாலு விரல் உயரம். மார்பில் டேப்பைச் சுற்றி மூச்சை இழுக்கச் சொன்னார்கள். அவன் இழுத்தபோது டேப் பிடித்தவர் "அடேயப்பா" என்றார். நான் இழுத்தபோது "இழுப்பா" என்றார். இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். இடுப்புச் சுற்றளவு ஒன்றுதான் எனக்கு அதிகம்.

கடைசியாக என் கையில் பட்டையைக் கட்டி, ரப்பர் உருண்டையை அமுக்கினார் டாக்டர். நான் ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தேன். ஒரு முறை பார்த்தவர் மறுபடியும் பார்த்தார்.

"ரத்தக் கொதிப்பு ஜாஸ்தியா இருக்கே. உப்பு நிறைய சேத்துப்பியா?"

சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிறாயா என்று கேட்டால், ரோஷம் இருக்கிறதா என்றுதான் எங்களுக்கு அர்த்தம்.

"பின்ன? நல்லாவே துன்றோம் சார்," என்றேன். "அவனுக்கு எவ்ளோ சார்?"

"அவனுக்கு உன்னைவிடக் கம்மி. நீ ஆஸ்பத்திரியில போய்க் காட்டு."

கம்மி என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை. போலீஸ்காரனுக்கு வேறென்ன வேண்டும்? கொதிக்கிற ரத்தம்தானே! அப்பா அதைக் கடைத்தெருவில் நாலு பேரிடம் சொன்னார். நான் அவனிடமே போய்ச் சொன்னேன்.

"உங்களுக்கு இன்னாங்க, ரோஷக்கார வூடு," என்றான். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆள் எடுப்பு செங்கல்பட்டில் நடந்தது. உயரத்தில் தேறினேன். மார்பளவில் நூலிழையில் தப்பினேன். கடைசியில் உட்கார்ந்திருந்த டாக்டர் களைத்துப்போயிருந்தார். தலை நிமிராமல், "ஏதாவது வியாதி உண்டா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு தீர்ந்தது. ஆனால் எனக்கு முன்னால் தேறிய அவன் பக்கத்திலேயே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். அவன் காதில் விழ வேண்டாமா?

"வியாதி ஒண்ணும் இல்ல சார். ரத்தக் கொதிப்புதான் ஜாஸ்தி. எங்க ஊர்லயே எனக்குத்தான் ஜாஸ்தி."

அவர் நிமிர்ந்தார். மூலையிலிருந்த பெட்டியை எடுத்துவரச் சொல்லி என் கையில் பட்டையைக் கட்டினார். அதோடு என் போலீஸ் வேலை போயிற்று. அவனை எடுத்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து திரும்பினோம். தனக்கு வேலை கிடைத்ததைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. உத்திரமேரூர் ஏரி தெரிந்தபோது தற்செயலாகத் திரும்பினேன். அவன் எனக்காக அழுதுகொண்டிருந்தான்.

நான் தேறி அவன் தோற்றிருந்தால் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்திருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனாலேயே அவன்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.