அண்ணன் பார்க்காமல் போன கடைசி அரை மணித்தியாலம்

என் அண்ணனைப் பற்றி இந்த நினைவு மலரில் பள்ளிக்கூட அதிபரும் கோயில் தலைவரும் நல்ல தமிழில் எழுதியிருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் இரண்டு அரிசி மில்லும் மூன்று லொறியும் இந்தக் கையால் உண்டாக்கியவன். ஒருத்தருடைய வாசலிலும் போய் நின்றதில்லை. இதை எழுதித் தரச் சொல்லியும் யாரிடமும் போகவில்லை. பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் கிடையாது.

அண்ணன் பழுகாமத்தில் பிறந்தார். அப்பா வாவியில் வலை போடுகிறவர். மூன்று வருடம் கழித்து நான் பிறந்தேன். அண்ணன் படிப்பில் கெட்டி, நான் வேலையில் கெட்டி. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது படப் பைத்தியம் ஒன்றுதான்.

தியேட்டர் இருந்தது வாவிக்கு அக்கரையில், கிழக்கே எழுவான்கரைப் பக்கம். இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்த அப்பா பகலில் உறங்குவார். அந்த நேரம் பார்த்து அவருடைய தோணியை அவிழ்ப்போம். அண்ணன் கோல் ஊன்றுவார், நான் சிரட்டையால் தண்ணீர் இறைப்பேன். பகல் காட்சிக்கு, காசு குறைந்த கலரியில் குந்துவோம். ஆனால் அப்பா எழும்பி வலையைத் தூக்குவதற்குள் தோணி கட்டின இடத்தில் நிற்க வேண்டும். அதனால் எந்தப் படத்திலும் கடைசி அரை மணித்தியாலத்தை நாங்கள் கண்டதில்லை.

அதில் ஒரு படம். மாட்டுவண்டிக்காரன் ஒருவன், தம்பி செய்த கொலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கூண்டில் நிற்கிறான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறார். அந்த இடத்தில் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். பாதி வாவி தாண்டும் மட்டும் நான் அழுதேன்.

"அழாதடா. அவன விட்டுருவாங்க."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? தூக்குத்தான் போடுவாங்க."

"தம்பிக்காக நிக்கிறவனத் தூக்குல போட்டா ஆர்டா படம் பாக்க வருவான்?"

இந்தச் சண்டை வாழ்நாள் முழுக்க ஓடியது. என் கலியாணத்தன்று மணவறையில் என் காதுக்குள் குனிந்தார். ஏதோ புத்திமதி சொல்லப்போகிறார் என்று பார்த்தால், "விடுதலைதான்டா" என்றார்.

அண்ணன் தபால்காரர் ஆனார். ஆரையம்பதியில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி அண்ணியின் வீட்டோடு போனார். முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சுற்றுவட்டார ஊர்களுக்குச் சைக்கிளில் கடிதம் கொண்டுபோனார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே வாசித்துக் கொடுப்பார். கெட்ட செய்தி என்றால் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கி, அதை அந்த ஆளிடமே கொடுத்துக் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் வாசிப்பார். ஒரு வீட்டு விஷயம் மறு வீட்டுக்குப் போனதில்லை.

நாட்டு நிலைமை கெட்ட காலத்தில் குடும்பத்தோடு கல்லடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தார். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு ஐந்து. வெளியில் வெடிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் நடுங்கும். அண்ணன் தாம் பார்த்த படங்களை எல்லாக் குரலிலும் பேசிக் காட்டுவார். நான் அரிசி கொண்டுபோன ஒரு நாள் வண்டிக்காரன் கதை நடந்துகொண்டிருந்தது.

"மறுகா என்ன நடந்த அப்பா?"

"மறுகா எனக்கும் தெரியா மனே. நானும் சித்தப்பாவும் தோணிக்கு ஓடி வந்துட்டம்."

"ஏன் ஓடின நீங்க? பார்த்துட்டு வந்திருக்கலாந்தானே!"

மகன் இரண்டு நாள் தகப்பனோடு கோபம். கடைசியில் அண்ணன் வாக்குக் கொடுத்தார். "எங்கயாவது தேடி எடுத்து, உங்க ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுக்கொண்டு கடைசி மட்டும் பாப்பம்." பிள்ளைகளுக்காகச் சொன்ன பேச்சு அது. பிள்ளைகள் மறந்துவிட்டார்கள், அவர் மறக்கவில்லை.

மகன் சுவிஸ் போனான், மகள் லண்டன் போனாள். மகன் போனதில் என் கையும் உண்டு, அதை அவனே சொல்வான். இரண்டு வருடத்துக்கு முன் காத்தான்குடியில் ஃபோன் கடை வைத்திருக்கும் என் முஸ்லிம் கூட்டாளி, 'நானா' என்றுதான் கூப்பிடுவேன், அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து, ஒரு பென் டிரைவில் போட்டுத் தந்தார். என் ஃபோனிலும் ஏற்றிவிட்டார். உடனே ஆரையம்பதிக்கு ஓடினேன். அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிள்ளைகள் வரட்டும். நானும் பாக்கமாட்டன், நீயும் பாக்கப்படாது. சத்தியம் பண்ணு."

கண்ணகை அம்மன்மேல் சத்தியம் பண்ணினேன்.

பிள்ளைகள் வர இரண்டு வருடம் எடுத்தது. அதற்குள் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. இரண்டு கிழமை லீவில் இருவரும் வந்தார்கள். நான் சுவரை மறைக்கிற அளவில் ஒரு டீவி வாங்கி அண்ணன் வீட்டுச் சுவரில் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பகல் எல்லோரும் இருந்தோம். அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, நடுவில் இருந்தார்.

இருபது நிமிடம் போயிருக்காது. மகள் ஃபோனில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தாள். மகன் நெளிந்தான்.

"அப்பா, பாட்டெல்லாம் ஓட்டி விடவா? மூண்டு மணித்தியாலம் கிடக்கு."

அண்ணி சொன்னார், "பொறு மனே. உங்கப்பா அறுபது வருசமா இதுக்குப் பொறுத்தவர்."

எல்லோரும் சிரித்தோம். மகனும் சிரித்துக்கொண்டே தன் ஃபோனைத் தட்டினான்.

"இந்தா, கதை முழுக்கக் கிடக்கு. கடைசியில தூக்குத்தான் அப்பா! சித்தப்பா வெண்டுட்டார்!" என்று என் தோளில் அடித்தான்.

"ஏன் அண்ணா சொன்ன நீ?" என்றாள் மகள், ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அண்ணன் மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அப்ப நீ சொன்னதுதான் சரி" என்றார். பிறகு, "நிப்பாட்டுங்க பிள்ளைகள். முடிவு தெரிஞ்ச படத்த ஆர் பாக்கிற" என்று எழும்பிவிட்டார். பாருங்கள் அப்பா என்று ஒரு பிள்ளையும் மறிக்கவில்லை. பின்னேரம் பாசிக்குடாவுக்குக் கடல் குளிக்கப் போய்விட்டார்கள்.

இதை வாசிக்கிற உறவினர்கள் இந்தக் கிழவன் பிள்ளைகளைச் சபையில் வைத்து ஏசுகிறான் என்று நினைப்பீர்கள். ஏசத்தான் செய்கிறேன். ஆனால் நான் பொய் எழுதமாட்டேன் என்று தொடக்கத்திலேயே சொன்னவன். மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

மகன் வாசித்தது பிழையான கதை. அதே பெயரில் பின்னாளில் இன்னொரு படம் வந்திருக்கிறது. அவன் பார்த்தது அதன் கதையை. பிழை என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஏனென்றால் சத்தியம் பண்ணிய மறுநாள், மில்லில் ஆட்கள் பகல் சோற்றுக்குப் போன நேரம், ஒபிஸ் கதவைச் சாத்திவிட்டு அந்தப் படத்தின் கடைசி அரை மணித்தியாலத்தை என் ஃபோனில் நான் தனியே பார்த்து முடித்துவிட்டேன். வண்டிக்காரனுக்குத் தூக்கு இல்லை. நீதிபதி வாயைத் திறக்கும்போது தம்பிக்காரன் உள்ளே ஓடி வந்து, "கொன்றது நான்" என்கிறான். விடுதலை. அண்ணன் சொன்னதுதான் சரி.

படத்தில் தம்பி வாய் திறந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் திறக்கவில்லை. திறந்தால், சத்தியத்தை மீறியவன் என்று பிள்ளைகளுக்கு முன்னால் தலை குனிய வேண்டும். நான் எந்தச் சபையிலும் தலை குனிந்தவன் இல்லை. நாளைக்குத் தனியாகச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் அண்ணனை ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்து மறித்துவிட்டார்கள். ஒன்பது நாள். தினமும் போனேன். தனியாகவும் இருந்தோம். "வாடா வெண்டவனே" என்று சிரிப்பார். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. அதுதான் உண்மை. பத்தாம் நாள் அவர் இல்லை. தூக்கு என்று நம்பிக்கொண்டே போய்விட்டார்.

மகன் இந்த மலருக்குத் தந்த கட்டுரையில், "அப்பாவின் ஆசைகள் எல்லாவற்றையும் நிறைவேற்றினோம்" என்று எழுதியிருந்தான். அந்த வரியை வெட்டச் சொன்னேன். "ஏன் சித்தப்பா?" என்று சுவிஸிலிருந்து ஃபோன் எடுத்தான். "என்ட கட்டுரை வரும், வாசி" என்று வைத்துவிட்டேன். மகனே, நீ தெரியாமல் செய்தாய். நான் தெரிந்து செய்தேன்.

அண்ணனை ஒன்பது நாளும் புரட்டித் துடைத்துப் பார்த்த ஆஸ்பத்திரித் தாதிமார், படத்தைத் தேடித் தந்த காத்தான்குடி நானா, சாவீட்டில் மூன்று நேரமும் சமைத்துப் போட்ட ஆரையம்பதி அயலவர்கள், பழுகாமத்திலிருந்து வந்து பாடை சுமந்த ஒன்றுவிட்ட தம்பிமார், இன்று முப்பத்தோராம் நாள் வந்திருந்து உண்டு போகும் உங்கள் அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கோயில் மதிலிலும் வாசிகசாலை வாசலிலும் என் பெயர் கல்லில் கிடக்கிறது. நான் கேட்டுப் போடுவித்ததுதான். இந்த மலரின் செலவு என்னுடையது என்பதால் நன்றிப் பட்டியலில் முதலாவதாக என் பெயரை அச்சகத்தார் போட்டிருந்தார்கள். எடுத்துவிடச் சொன்னேன்.

இப்படிக்கு,
தம்பி