காலிக் கட்டம்

ஃபிரிஸ்கோவில் தனியாக இருக்கிறேன். பொழுது போகாமல் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தேன். நியூ ஜெர்சியில் ஸ்காட்லாந்து வம்சத்துப் பெண்மணி ஒருவர் உறவென்று வந்தது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர்தான் எங்கள் இருவருக்கும் கொள்ளுத்தாத்தா.

வீடியோ காலில் தன் குலத்தின் பத்துத் தலைமுறைப் பெயர்களைக் காட்டினார். துரைக்குப் பக்கத்தில், அவர் மனைவியின் பெயரை அடுத்து, ஒரு கட்டம் மட்டும் காலி. "உங்கள் கொள்ளுப்பாட்டி பெயர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, கோவையில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"பேரா? ஆத்தான்னுதான்டா எல்லாரும் கூப்பிடுவாங்க. அத எதுக்கு இப்பக் கிளறுற?"

மறுநாள், வெட்கத்தில் என் அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் கண்கலங்கி எழுதிக்கொண்டார்.

இப்போது வாராவாரம் எனக்கு போன் செய்பவர் அவர் மட்டும்தான். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிடத்தான் எடுக்கிறேன். "கஸின்!" என்று ஆசையாகக் கூப்பிடுகிறார். சொல்லாமல் வைத்துவிடுகிறேன்.