கூண்டுக்குள் வாங்கிய கல்யாணப் பத்திரிகை

மதுக்கரைப் பக்கம் உள்ள ஒரு நாய்க் காப்பகத்திலிருந்து அவளைக் கூட்டிவந்தோம். குட்டியைப் பிடித்து வளர்க்கும் பொறுமை எங்கள் இருவருக்குமே இல்லாததால், வளர்ந்த நாயாகவே கேட்டோம். செம்பட்டை நிறம். ஒரு காது விறைப்பாக நிற்கும், மற்றது மடிந்து தொங்கும். நாங்கள் வீட்டில் இருக்கும்வரை அவளைப் போல ஒரு சாது கிடையாது. வெளியே கிளம்பினால்தான் ஆள் மாறிவிடுவாள். வந்த வாரத்திலேயே தலையணைகள், என் கணவரின் ஒற்றை ஷூ, சோபாவின் கைப்பிடி எல்லாம் பஞ்சும் நாருமாகிவிட்டன.

காப்பகத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "தனியா உட்டா பயந்துக்குதுங்கக்கா. ஒரு கூண்டு வாங்கிப் பழக்குங்க. அவளுக்குன்னு ஒரு ரூம் மாதிரி. ஆனா புடிச்சுத் தள்ளிப்போடாதீங்க, அவளாத்தான் உள்ள போகோணும்" என்றாள்.

இருப்பதிலேயே பெரிய கம்பிக் கூண்டாக வாங்கி ஹாலின் மூலையில் வைத்தோம். உள்ளே வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைப் போட்டேன். அவள் பின்னங்கால்களை வெளியே டைல்ஸில் அழுத்தமாக ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி ஈரலைக் கவ்வி, அப்படியே பின்வாங்கி சோபாவுக்கு அடியில் போய்த் தின்றாள். அடுத்த நாள் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவளும் இன்னும் கொஞ்சம் நீண்டாள். ஒரு நாயின் உடம்பு இவ்வளவு நீளும் என்பதே எனக்குத் தெரியாது.

"இப்படியே போனா இவ மலைப்பாம்பாயிருவா" என்றார் கணவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முடிவோடு இறங்கினேன். ஈரலை மசித்துக் கூண்டின் கடைசிக் கம்பிகளில் தடவிவிட்டால், முழுசாக உள்ளே போய் நக்கித்தானே ஆக வேண்டும்? கை எட்டவில்லை. நைட்டியைச் சுருட்டிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போய்த் தடவினேன். நான் உள்ளே போனதில் அவளுக்கு என்ன சந்தோஷமோ, துள்ளிக் குதித்து முன்னங்கால் இரண்டையும் கதவின் மேல் போட்டாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் 'டக்'கென்று விழுந்தது. அது வெளிப்பக்கம். என் விரல் நுனிக்கு எட்டியது, தூக்கத்தான் வரவில்லை.

கணவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். "ஏனுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"வாரோமுங்க!" என்று வாசல் கேட்டிலிருந்து பதில் வந்தது.

பெருந்துறையில் இருக்கும் அவருடைய தூரத்து மாமாவும் அத்தையும். பட்டுச்சேலை, வெள்ளை வேட்டி, கையில் தாம்பாளம். திறந்திருந்த வாசல் கதவு வழியாக ஹாலுக்குள் வந்து கூண்டைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். வெளியே உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்த நாயைப் பார்த்தார்கள்.

"வாங்க மாமா, வாங்கத்தே" என்றேன். வேறு என்ன சொல்வது?

"நல்லாருக்கறீங்களா அம்மணி?" என்றார் அத்தை.

"நல்லாருக்கறனுங்க. உக்காருங்க. காபி குடிக்கறீங்களா?"

"வேண்டாமுங்க, இப்பத்தான் வழியில குடிச்சுப்போட்டு வாரோம்."

ஏன் கூண்டுக்குள் இருக்கிறாய் என்று கேட்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதைச் சொன்னார்கள். மண்டபம் பெருந்துறையிலேயே என்றார்கள். பிறகு அத்தை குனிந்து, கம்பி இடுக்கில் விரலை விட்டு என் நெற்றியில் குங்குமம் வைத்தார். பத்திரிகையைப் படுக்கைவசத்தில் உள்ளே நுழைத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"கண்டிப்பா குடும்பத்தோட வந்துரோணும் அம்மணி" என்ற மாமா, ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏனுங்க, உங்களுக்கு ஆட்சேபணை இல்லீனா… இதத் தொறந்து உடட்டுங்களா?"

"தொறந்து உடுங்க மாமா" என்றபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கணவரும் அப்போதுதான் ஈர லுங்கியோடு இறங்கி வந்தார். "வாங்க வாங்க, எப்ப வந்தீங்க?" என்று கும்பிட்ட பிறகே என்னைக் கவனித்தார். கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

மாமா தாழ்ப்பாளைத் தூக்கியதுதான் தாமதம், நான் வெளியே வருவதற்குள் நாய் உள்ளே பாய்ந்துவிட்டது. நாலு காலும் வாலும் முழுசாக உள்ளே! கம்பியில் இருந்த ஈரலையெல்லாம் நக்கித் தீர்த்துவிட்டு, என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"ஊட்டு ஓனரம்மா வந்துட்டாங்க, நீங்க எடத்தக் காலி பண்ணுங்க அம்மணி" என்றார் அத்தை. அப்புறம் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் சில நாள் நான் பாதி உடம்பைக் கூண்டுக்குள் வைத்துக்கொண்டுதான் லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்த்தேன். நான் உள்ளே இருந்தால் அவளும் வந்தாள். பிறகு கால் மட்டும் போதும் என்றானது. பிறகு கை. கடைசியில் என் பழைய நைட்டி ஒன்றைப் போட்டு வைத்தாலே போய்ப் படுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாலும் கண்டுகொள்ளவில்லை.

முதன்முதலாக அவளைக் கூண்டில் தனியாக விட்டுப் போனது அந்தக் கல்யாணத்துக்குத்தான். அழுகிறாளோ, கம்பியைக் கடிக்கிறாளோ என்று எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கணவர் பந்தியில் பாயசத்தைக்கூட விட்டுவிட்டு எழுந்தார். காரை விரட்டிக்கொண்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்குள் ஓடினோம்.

மல்லாக்கப் படுத்து, நாலு காலையும் மேலே தூக்கித் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணை மட்டும் திறந்து எங்களைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"வாலையாவது ஆட்டியிருக்கலாம்" என்றார் கணவர்.