கடலில் இருந்தவரின் சம்பளம்

என் வீட்டுக்காரருக்கு சர்க்கார் கப்பலில் வேலை. இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற ஆள். திக்லிபூர், கார் நிக்கோபார், கேம்பல் பே என்று கப்பல் போகிற இடமெல்லாம் போவார். நான் ராமநாதபுரம் பக்கம் பிறந்து, கல்யாணமான கையோடு கப்பலேறிப் போர்ட் பிளேயர் வந்தவள். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அவர் டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

கிளம்புகிறதுக்கு முன்னால் என்னை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கடலில் இருக்கிற மாதத்தில் சம்பளத்தை நான் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். கிளார்க் என் பக்கம் மைப்பெட்டியை நகர்த்தினார், கட்டை விரல் வைக்கச் சொல்லி. இவர் அதைத் திருப்பி அவர் பக்கமே தள்ளிவிட்டு, "பேனா குடுங்க சார், பேர் எழுதுவா" என்றார். நான் மூணாம் கிளாஸ்தான். ஆனாலும் எழுதினேன், தமிழில், ஒவ்வொரு எழுத்தாக. கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார்.

அன்றிலிருந்து ஒண்ணாம் தேதி ஆனால் குடையை எடுத்துக்கொண்டு ஜெட்டி ஆபீசுக்குப் போவேன். காற்று மழையில் கப்பல் எங்கேயாவது மாட்டிக்கொள்ளும். ரேடியோவில் கப்பல் செய்தி சொல்லும்போது இவர் கப்பல் பேர் வராது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பேன். ஆனால் ஒண்ணாம் தேதி கவுண்டரில் அவர் பேரைக் கூப்பிட்டு என் கையில் சம்பளத்தைக் கொடுப்பார்கள். அப்பாடா என்றிருக்கும். சம்பளம் வந்துவிட்டது, அப்படியென்றால் ஆள் எங்கேயோ இருக்கிறார், வந்துவிடுவார். அப்படித்தான் என் மனசு பழகியது. அவர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அப்படித்தான்.

ரிட்டயர் ஆன பணத்தில் ஏர்போர்ட் பக்கத்தில், லம்பா லைனில் இந்த வீட்டைக் கட்டினோம். முன்னால் ஒரு ரூம், பின்னால் ஒரு ரூம், அடுப்படி. ஏரோப்ளேன் இறங்குகிறபோது பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும், அது போனதும் விட்ட இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். பென்ஷன் பேங்கில் விழும். ஏ.டி.எம். கார்டு எப்படிப் போடுகிறது, எந்த எண்ணை அமுக்குகிறது எல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "நான் இல்லாதப்ப நீதானே வாங்கணும்" என்பார். "இப்ப எங்கே போகப் போறீங்க, கப்பலா இருக்கு?" என்று நான் கேட்பேன். சிரிப்பார்.

போன வருஷம் ஆடி மாதம் ஒரு காலை, டீயைப் பாதி குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகிறதுக்குள் முடிந்துவிட்டது. சாம்பலைக் கடலில்தான் கரைத்தோம்.

மகள் புரோத்ராபூரில் இருக்கிறாள், பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். மருமகன் நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். காரியம் முடிந்த மறுநாளே மகள் என் சேலைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அங்க வந்துடும்மா. தனியா எப்படி இருப்பே? செலவுக்கு என்ன பண்ணுவே?"

"அப்பாவோட பென்ஷன் இருக்குல்ல."

"அது அப்பாவுக்கு. இப்ப பேங்கில சொல்லணும், பேப்பர் எல்லாம் குடுத்து உன் பேருக்கு மாத்தணும். அதுவரைக்கும்?"

"நான் பாத்துக்கிறேன். நீ அந்தச் சேலையை இருந்த இடத்துல வை."

பார்த்துக்கொள்ளவில்லை. பேங்கில் சொல்லவில்லை. சொன்னால் பணம் நின்றுபோகும், நின்றால் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே போனால் சோறு கிடைக்கும், அன்பாகவும் பார்ப்பார்கள். ஆனால் ஒரு சோப்பு வாங்குகிறதுக்கும் மருமகன் முகத்தைப் பார்க்க வேண்டும். அது என்னால் ஆகாது.

அந்த மாதக் கடைசியில் அவர் போன் 'டிங்' என்றது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, எண் தெரியும். அதே எண்தான், எப்போதும் வருகிற தொகை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள் அந்தப் பழைய அப்பாடா வந்தது. அவர் கடலில் இருக்கிறார், சம்பளம் கரைக்கு வந்துவிட்டது. மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு போய், அவர் எப்போதும் எடுக்கிற அதே தொகையை எடுத்தேன்.

தப்பு என்று தெரியாதா என்று கேட்டால், முதல் மாதம் சத்தியமாகத் தெரியாது. ரெண்டாம் மாதம் யோசிக்கவில்லை. மூணாம் மாதம் தெரியும். தெரிந்தும் போனேன். கரண்ட் பில், கேஸ், என் ரத்தக் கொதிப்பு மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை மீன். வேறே எதற்கும் தொடவில்லை.

நவம்பர் பிறந்தது. ஒரு சாயங்காலம் மகள் வந்திருந்தாள். அவர் போன் மறுபடியும் சத்தம் போட்டது. மகள் எடுத்து வாசித்தாள். வாசித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா. அப்பா உயிரோட இருக்காருன்னு இந்த மாசம் சர்டிபிகேட் குடுக்கணுமாம். பேங்குக்கு வரச் சொல்றாங்க."

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

"நீ சொல்லவே இல்லையா? மூணு மாசமா எடுத்திருக்கியா?"

மேலே ஏரோப்ளேன் போனது. நல்லதாய்ப் போயிற்று. அது போகிற வரைக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

"அம்மா, இது கேஸாயிடும்மா. அவர்கிட்ட சொல்லி நாங்க அந்தப் பணத்தைக் கட்டிடறோம். நீ எங்கேயும் வர வேண்டாம்."

"எடுத்தது நான். உன் புருஷன் எதுக்குக் கட்டணும்? நாளைக்கு நானே போறேன். நீ கூட வா, வாயைத் திறக்காதே."

ராத்திரி தூக்கமில்லை. திருடி என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம். அவர் பேரில் ஒரு நாள் கூட ஒரு புகார் வந்தது கிடையாது.

மறுநாள் பேங்கில் பெரிய வரிசை. எல்லாம் பென்ஷன்காரக் கிழவர்கள், உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட வந்தவர்கள். கவுண்டரில் இருந்த பையன் இவர் பென்ஷன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டான்: "பெரியவர் எங்கே? நடக்க முடியவில்லையா? வீட்டுக்கே ஆள் அனுப்புவோம், மாதாஜி."

எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "ஓ மர் கயா. தீன் மஹீனா ஹோ கயா." செத்துப்போய்விட்டார், மூணு மாதம் ஆகிவிட்டது என்று.

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "அப்போ பணம் எடுத்தது யார்?"

"மை." நான்தான் என்றேன்.

மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். அவன் எழுந்து உள்ளே போய் மேனேஜர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். வங்காளத்துப் பெண், என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கும். என்னை உள்ளே உட்கார வைத்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. ஜெட்டி ஆபீஸ், அவர் எழுதிக் கொடுத்த காகிதம், ஒண்ணாம் தேதி, குடை, எல்லாம் சொன்னேன். அவர் ஊரில் இல்லாதபோது எப்போதும் நான்தான் வாங்குவேன், அந்தப் பழக்கத்தில் கை நீண்டுவிட்டது, மூணாவது மாதம் தெரிந்தே எடுத்தேன் என்றேன்.

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மாதாஜி, இதை எல்லாரும் செய்கிறார்கள். வந்து சொன்னது நீங்கள்தான். கேஸ் எல்லாம் இல்லை. உங்கள் பேரில் ஃபேமிலி பென்ஷன் வரும், அதில் மாதா மாதம் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம்."

"எவ்வளவு வரும்?"

அவர் வாங்கினதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதுவும் கைக்கு வர ரெண்டு மூணு மாதம் ஆகும். அதுவரைக்கும் இந்தக் கணக்கைத் தொட முடியாது.

வெளியே வந்ததும் மகள், "சேலையை மடிக்கவா?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள், கண்ணில் தண்ணி நின்றது.

"முன் ரூமை வாடகைக்கு விடப் போறேன்" என்றேன்.

"அப்பா ரூமையா?"

"அப்பாவுக்கு எதுக்கு ரூம்? அவர் கடல்ல இருக்கார்."

சொல்லிவிட்டேனே ஒழிய, அந்த ரூமைக் காலி பண்ண நாலு நாள் ஆனது. சர்க்கார் வேலைக்காரர் வீடு, வாடகைக்கு விட்டதே கிடையாது. அவர் காக்கிச் சட்டை ரெண்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை துவைத்தாலும் டீசல் வாசம் போகாது. என் அலமாரியில் சேலைக்கு நடுவில் வைத்தேன். இப்போது என் சேலைக்கெல்லாம் அந்த வாசம். இருக்கட்டும்.

திக்லிபூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு நர்ஸ் குடி வந்தாள். அவளும் வங்காளி, அவளும் புருஷன் இல்லாதவள். என்னை தீதி என்பாள், அக்கா என்று அர்த்தம். "தீதி, இந்த ஆணியைப் பிடுங்கிவிடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம், நீ மாட்டிக்கொள் என்றேன். அவள் வெள்ளைக் கோட் அங்கே தொங்குகிறது. அவள் கொடுத்த வாடகையில்தான் அந்த மூணு மாதம் ஓடியது. மகள் கொண்டுவந்த தேங்காய்க்கும் காசு கொடுத்தேன்.

"பெத்த மககிட்ட காசு குடுத்து வாங்குறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

"கடைக்காரன் ரெண்டு ரூபா கூடச் சொல்றான். அதான் உன்கிட்ட வாங்குறேன்."

சிரித்துவிட்டாள். அவர் போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிப்ரவரிக் கடைசியில் என் பேரில் முதல் பென்ஷன் விழுந்தது. பிடித்தம் போகக் கொஞ்சம்தான். அந்த 'டிங்' சத்தம் இந்தத் தடவை என் போனில் வந்தது. அவர் போன் பக்கத்தில் சும்மா கிடந்தது. அப்போதுதான் நன்றாக அழுதேன். முப்பது நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சம்பளம் வந்தும் அவர் வர மாட்டார்.

இந்த நவம்பரில் நான் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டப் போனேன், தனியாக, அதே குடையோடு. பிடித்தம் போன மாதத்தோடு தீர்ந்துவிட்டது. கவுண்டரில் அதே பையன். அடையாளம் தெரிந்து சிரித்துவிட்டு மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினான். நான் அதை அவன் பக்கமே தள்ளினேன்.

"பேனா குடு, பேட்டா."

எழுதினேன், தமிழில், ஒவ்வொரு எழுத்தாக. பின்னால் வரிசை காத்திருந்தது. காத்திருக்கட்டும். வரும் வழியில் ஒரு துண்டு வஞ்சிரம் மீன் வாங்கினேன். நர்ஸுக்கு அன்றைக்கு நைட் டூட்டி, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று.